தட்டும் டாலியும்

பண்டிகை ஒரு வீட்டாருடையது, பட்சணம் தெருவாருடையது. இதற்குச் சாஸ்திரம் எதுவும் கிடையாது. சம்பிரதாயம் மட்டும் உண்டு. தீபாவளியன்று அடுத்த வீட்டுக்கு முறுக்கும் லட்டுவும் போகின்றன. ரம்ஜானன்று சேமியாப் பாயசம் வருகிறது. கிறிஸ்துமஸ் சமயத்திலோ, கிறிஸ்தவ அன்பர்கள் குடியிருக்கும் தெருக்களில் மாலை நேரங்களில் தட்டுகளின் போக்குவரத்துக்கு அளவே இராது.

டிசம்பர் 24-ந் தேதி மாலையிலோ, மறுநாள் காலை ஆராதனை முடிந்த பிறகோ, வாசலில் ஒரு சிறுமி வந்து நிற்கிறாள். கையில் தட்டு; தட்டின்மேல் துணி மூடியிருக்கிறது. "அம்மா கொடுத்துவிட்டு வரச் சொன்னார்கள்" என்கிறாள். "எதற்கம்மா இவ்வளவு?" என்று வீட்டு அம்மாள் உபசாரம் சொல்லுகிறாள். தட்டு உள்ளே போகிறது. கதவு சாத்தப்படுகிறது.

அதற்குப் பிறகு அந்தத் தட்டின் கதி என்ன? இந்த வாரம் நாம் பேசப் போவது அதைப் பற்றித்தான்.

"இது ஒரு கேள்வியா? பட்சணம் வந்தால் சாப்பிடுவதுதானே!" என்று சில நேயர்கள் சொல்லுவார்கள். அவர்கள் பாக்கியசாலிகள், இந்தப் பக்கத்தை இத்துடன் நிறுத்திக்கொண்டு அடுத்த வீட்டு அச்சு முறுக்கைக் கவனிக்கலாம். மற்றவர்கள் கொஞ்சம் பொறுமையோடு மேலே படிக்க வேண்டும்.

முதலில், தட்டில் என்ன இருக்கிறதென்று பார்த்துவிடுவோம். அதைப் பார்க்காமல் தர்ம நியாயம் பேச ஆரம்பிப்பது, பசியோடு உபந்நியாசம் கேட்பதைப் போலாகும்.

திருநெல்வேலிச் சீமையிலிருந்தோ நாகர்கோவில் பக்கத்திலிருந்தோ வந்த குடும்பமாயிருந்தால் தட்டில் முந்திரிக்கொத்து நிச்சயம் இருக்கும். பெயரைக் கேட்டு உள்ளே முந்திரிப் பருப்பைத் தேடுகிறவர்கள் ஏமாந்து போவார்கள். வறுத்த பாசிப்பயற்றை மாவாக்கி, தேங்காயும் எள்ளும் ஏலமும் சேர்த்து, வெல்லப் பாகிலோ கருப்பட்டிப் பாகிலோ பிசைந்து, சிறு உருண்டைகளாகப் பிடித்து, அரிசிமாக் கரைசலில் தோய்த்து எண்ணெயில் போட்டு எடுப்பது அது. முந்திரி என்ற சொல்லுக்குத் திராட்சை என்றும் பொருள் உண்டல்லவா? உருண்டைகள் திராட்சைக் குலையைப் போல் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்தால் பெயரின் நியாயம் விளங்கும். பல நாள் கெடாது. நல்ல பல் உள்ளவர்கள் மறுநாள் தின்பார்கள். மற்றவர்கள் முதல் நாளே தின்றுவிடுவது உத்தமம்.

அதற்கு அடுத்தபடி அச்சு முறுக்கு. பூப்போன்ற இரும்பு அச்சை முதலில் எண்ணெயில் நன்றாகக் காய வைக்க வேண்டும். பிறகு, தேங்காய்ப் பாலும் சர்க்கரையும் சேர்த்துக் கரைத்த அரிசி மாவில் அதைத் தோய்க்க வேண்டும். அச்சின் மேல் விளிம்பு மட்டும் மாவில் முழுகக் கூடாது. முழுகினால் முறுக்கு அச்சை விட்டு வரவே வராது. இந்த சூட்சுமத்தைக் கற்றுக்கொள்வதற்குள் புதுப் பெண்கள் எத்தனையோ முறுக்கைக் காவு கொடுத்திருக்கிறார்கள். இதில் ஓர் ஆச்சரியம் என்னவென்றால், ஸ்வீடனிலும் நார்வேயிலும் கிட்டத்தட்ட இதே போன்ற இரும்பு அச்சைக் கொண்டு, இதே போன்ற பூவை, இதே கிறிஸ்துமஸுக்குச் சுடுகிறார்கள். அங்கே வெளியில் பனி. இங்கே மார்கழிப் பனி. எண்ணெய்ச் சட்டியின் முன்னால் நிற்கும் அம்மாளுக்கு மட்டும் இரண்டு தேசத்திலும் வியர்வைதான்.

ஆங்கிலோ-இந்தியர் வீடுகளிலும் கோவாக்காரர் வீடுகளிலும் கல்கல் என்ற இனிப்பைச் செய்வார்கள். பிசைந்த மாவின் சிறு துண்டுகளை முள்கரண்டியின் பின்புறத்தில் வைத்து அழுத்திச் சுருட்டினால், வரியோடிய சங்கு போல வரும். பொரித்துச் சர்க்கரைப் பாகில் புரட்டுவார்கள். படிக்கணக்கில் செய்ய வேண்டியிருப்பதால், வீட்டிலுள்ள பெரியவர், குழந்தை எல்லாரும் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து சுருட்டுவது வழக்கம். கோவாவில் இவ்விதம் அண்டை அயலாருக்குப் போகும் தட்டுக்குக் கொன்சுவாதா என்று தனிப் பெயரே உண்டு. துக்கம் நேர்ந்த வீட்டில் அந்த வருஷம் பட்சணம் செய்ய மாட்டார்கள். அக்கம்பக்கத்தார் அந்த வீட்டுக்கு அனுப்பி வைப்பார்கள். நம் ஊரிலும் தீபாவளி கொண்டாடாத வீட்டுக்கு இதே போலக் கொடுத்தனுப்புவதை நேயர்கள் அறிவார்கள்.

கடைசியாக, பிளம் கேக். இதில் பிளம் பழம் கிடையாது. பழைய ஆங்கிலத்தில் உலர்ந்த திராட்சையைத்தான் பிளம் என்று சொல்லி வந்தார்கள். பெயர் மட்டும் தங்கிவிட்டது. இந்தக் கேக் நம் தேசத்தில் குடியேறிய கதை ஒன்றைத் தலைச்சேரியிலே சொல்லுகிறார்கள். அப்போது தலைச்சேரி சென்னை மாகாணத்தைச் சேர்ந்த மலையாள ஜில்லாவில் இருந்தது. அங்கே மம்பள்ளி பாப்பு என்பவர் 1880-ல் ராயல் பிஸ்கட் பாக்டரி என்று ஒன்றை ஆரம்பித்தார். 1883-ம் வருஷக் கிறிஸ்துமஸுக்குக் கொஞ்ச நாள் முன்பு, அஞ்சரக்கண்டி லவங்கப்பட்டைத் தோட்டத்துப் பிரவுன் துரை, சீமையிலிருந்து வந்த ஒரு கேக்கைக் கொண்டுவந்து காட்டி, "இதைப் போல் செய்ய முடியுமா?" என்று கேட்டாராம். பிரெஞ்சு பிராந்தி சேர்க்கச் சொன்னாராம். பாப்புவோ, உள்ளூர் முந்திரிப் பழத்தையும் கதலி வாழைப்பழத்தையும் கொண்டு வடித்த சரக்கைச் சேர்த்துச் செய்துவிட்டார். துரை ருசி பார்த்தார். இன்னும் ஒரு டஜன் வேண்டுமென்றார். பாப்புவின் குடும்பத்தார் வழிவழியாகச் சொல்லி வரும் கதை இது. சீமைக் கேக் கதலிப் பழத்தோடு சம்பந்தம் செய்துகொண்ட பிறகு அதை அந்நியச் சரக்கு என்று யார் சொல்ல முடியும்?

ஆக, தட்டிலுள்ள பண்டங்களில் பெரும்பாலானவை நம் அரிசி, நம் பயறு, நம் கருப்பட்டி, நம் தேங்காய். அப்படியிருக்க, தட்டு உள்ளே போன பிறகு தயக்கம் எதற்கு? அதைச் சொல்லுவதற்கு முன்னால் வேறொரு கிறிஸ்துமஸ் தட்டைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது.

வெள்ளைக்காரர் ஆட்சியில் டாலி என்று ஒன்று இருந்தது. டாலி என்றால் ஹிந்தியில் கூடை, தட்டு என்று அர்த்தம். 1886-ல் வெளிவந்த ஹாப்ஸன்-ஜாப்ஸன் என்ற பிரசித்தமான அகராதியில் இந்த வார்த்தைக்கு இடம் கொடுத்திருக்கிறார்கள். அதைத் தொகுத்த இருவரில் ஒருவர் யூல். மற்றவர் நம் தஞ்சாவூரில் ஜட்ஜாக இருந்த பர்னல். பழம், பூ, காய்கறி, தித்திப்பு வகைகள் இவற்றைத் தட்டுகளில் பரப்பி மரியாதையாகக் கொண்டுபோய் வைப்பதுதான் டாலி. கிறிஸ்துமஸ் காலை வந்துவிட்டால் கலெக்டர் துரையின் பங்களா வராந்தாவில் தட்டுகள் வரிசை வரிசையாக வந்து இறங்கும். ஆரஞ்சு, திராட்சை, பாதாம் பருப்பு, கேக்கு எல்லாம் இருக்கும். சில தட்டுகளில் சீமைப் புட்டியும் இருக்கும். கொண்டுவந்தவர்கள் யார்? கண்டிராக்டர், மிராசுதார், வியாபாரி, உத்தியோக உயர்வை எதிர்பார்ப்பவர், கேஸ் நிலுவையில் உள்ளவர். தென்னாட்டில் புது வருஷப் பிறப்பன்று ஒரு எலுமிச்சம்பழத்தையாவது கையில் ஏந்திக்கொண்டு துரையைப் பார்க்கப் போவது கண்ணியம் என்று கருதப்பட்டது.

கம்பெனியின் உத்தியோகஸ்தர்கள் வெகுமதி வாங்கி வாங்கியே கோடீசுவரர்களான கதையெல்லாம் சரித்திரத்தில் இருக்கிறது. அதன் காரணமாகவே, வெகுமதி வாங்குவதில்லை என்று 1765-ல் கிளைவ் அவர்களிடம் கையெழுத்து வாங்கினார். தாம் வாங்க வேண்டியதையெல்லாம் வாங்கி முடித்த பிறகு! 1773-ம் வருஷத்து ஒழுங்குச் சட்டமும் வெகுமதியைத் தடுத்தது. ஆனால் பூவையும் பழத்தையும் யார் தடுப்பது? அற்ப விலையுள்ள மரியாதைப் பொருள் என்று அவற்றுக்கு மட்டும் விலக்கு இருந்தது. அந்தச் சிறு வாசல் வழியாகத்தான் டாலி கூடை கூடையாக உள்ளே நுழைந்தது.

துரை என்ன செய்வார்? வராந்தாவுக்கு வருவார். தட்டுகளைப் பார்வையிடுவார். ஒரு தட்டிலிருந்து ஒரு பழத்தை எடுத்துக்கொள்வார். இன்னொரு தட்டைக் கையால் தொடுவார். தொட்டால் பெற்றுக்கொண்டதாக அர்த்தம். பிறகு பட்லரைப் பார்த்துத் தலையை அசைப்பார். தட்டுகள் பங்களாவின் பின்புறத்துக்குப் போய்விடும். சேவகர்களின் வீட்டுக் குழந்தைகளுக்கு அன்று கொண்டாட்டம்.

நேர்மையுள்ள துரைமார் இப்படிச் செய்ததில் தப்பு ஒன்றுமில்லை. கொண்டுவந்து வைத்தவர் துரையின் வாய்க்கு ருசியாக இருக்கட்டுமென்று வைக்கவில்லை. துரையின் பேனாவுக்கு ஞாபகம் இருக்கட்டுமென்று வைத்தார். துரையும் அதைத் தின்னவில்லை, தொட்டார். கணக்குச் சரியாய்ப் போய்விட்டது. ஆனால் அந்த வராந்தாவில் குனிந்து நின்ற நம் பெரியவர்களுக்கு உள்ளம் கூசியது. "கொடுத்ததை வாயில் வைக்கக்கூட அருகதையில்லாதவர்களா நாம்?" என்ற எண்ணம் அவர்களில் எத்தனை பேருக்கு முள்ளாய்த் தைத்திருக்கும்! சுதந்திரம் வேண்டுமென்று நம்மவர் புறப்பட்டதற்கு உப்பும் துணியும் மட்டுமா காரணம்? இப்படித் தொட்டுத் திருப்பப்பட்ட தட்டுகளும்தான்.

இப்போது, சாத்திய கதவுக்குப் பின்னால் நாம் விட்டுவந்த தட்டுக்குத் திரும்புவோம். வாசகர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. எத்தனையோ வீடுகளில் அந்தத் தட்டிலிருந்த பட்சணம் கொல்லைப்புறம் போய், வேலைக்காரியின் முந்தானையில் முடியப்பட்டுவிடுகிறது. "அவர்கள் வீட்டுச் சமையல் நமக்கு ஒத்துக்கொள்ளாது" என்று ஒரு சமாதானம். "என்ன எண்ணெயோ, என்ன பாத்திரமோ!" என்று இன்னொரு சமாதானம். வாழைப்பழம் மாத்திரம் தங்குகிறது. தட்டு கழுவப்பட்டு மறுநாள் திரும்பிப் போகிறது. "முறுக்கு பிரமாதமாயிருந்தது!" என்ற வாய்ச்சொல்லும் அதோடு போகிறது.

துரை செய்ததற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? அவர் தொட்டார், கீழே அனுப்பினார். நாமும் தொடுகிறோம், கீழே அனுப்புகிறோம். ஒரே ஒரு வித்தியாசம் சொல்லலாம். துரைக்கு வந்தது காரியத்துக்காக வைத்த டாலி; நமக்கு வந்தது பிரியத்தோடு சுட்ட பட்சணம். ஆகவே நம் காரியம்தான் இன்னும் மோசமானது.

கொடுத்தனுப்பிய அம்மாளுக்கு இது தெரியாதென்று நினைக்க வேண்டாம். அடுத்த வீடுகளுக்கிடையே ரகசியம் என்று ஒன்று இருக்க முடியுமா? வேலைக்காரியின் குழந்தை தெருவில் நின்றுகொண்டு அதே முறுக்கைத் தின்கிறதே! அடுத்த வருஷம் அந்த அம்மாள் என்ன செய்கிறாள்? முந்திரிக்கொத்தை எடுத்து வைத்துவிட்டு, வாழைப்பழம், ஆரஞ்சு, சர்க்கரை, வெற்றிலை பாக்கு என்று சமைக்காத பதார்த்தமாகத் தட்டில் வைத்து அனுப்புகிறாள். நம் ஊர்களில் தலைமுறை தலைமுறையாக நடந்து வந்த ஏற்பாடு இது. பார்வைக்கு இது மரியாதை. உள்ளே இருப்பது மனவருத்தம். "நான் சமைத்ததை நீ உண்ண மாட்டாய், ஆகையால் மரம் சமைத்ததை அனுப்புகிறேன்" என்று அந்தப் பழத்தட்டு சொல்லுகிறது. நாம் அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல், "பாவம், நல்ல மனுஷர்கள்!" என்று ஆரஞ்சை உரித்துக்கொண்டிருக்கிறோம்.

சேர்ந்து உண்பது ஒரு சின்ன விஷயமென்று சொல்லுகிறவர்கள் நம் தேச சரித்திரத்தைக் கொஞ்சம் புரட்டிப் பார்க்க வேண்டும். 1920-களில் வ.வே.சு. ஐயரின் சேரன்மாதேவி குருகுலத்தில் இரண்டு பிராமணப் பிள்ளைகளுக்குத் தனியாகச் சாப்பாடு போட்ட விஷயம் தமிழ்நாட்டுக் காங்கிரஸையே ஆட்டி வைத்ததல்லவா? இரண்டு இலையை எங்கே போடுவது என்ற கேள்வி ஒரு மாகாணத்தின் அரசியலைத் திசை திருப்பிற்று. பிறகு 1950-ல் அமலுக்கு வந்த நம் அரசியல் சட்டம், 17-வது ஷரத்தில் தீண்டாமையை ஒழித்தது. 15-வது ஷரத்தில் ஹோட்டல் வாசலை எல்லாருக்கும் திறந்துவிட்டது. ஆனால் எந்தச் சட்டமும் வீட்டுக் கதவைத் திறந்து, "அம்மணி, அந்த முந்திரிக்கொத்தில் ஒன்றை வாயில் போட்டுக்கொள்" என்று சொல்ல முடியாது. அதை நாமே செய்ய வேண்டும். சட்டம் போக முடியாத தூரத்துக்கு ஒரு தட்டு போக முடியும்.

உண்மையான சங்கடங்கள் இல்லாமலில்லை. கேக்கில் முட்டை இருக்கிறது. சிலர் ரம்மில் ஊறிய திராட்சையைச் சேர்க்கிறார்கள். அச்சு முறுக்கு மாவிலும் முட்டை சேர்ப்பவர்கள் உண்டு. மரக்கறி உணவே கொள்ளுகிறவர்கள் இவற்றை உண்ண மாட்டார்கள். அது அவர்கள் விரதம். அதில் யாருக்கும் மனஸ்தாபம் வேண்டியதில்லை. ஆனால் விரதம் வேறு, விலக்கு வேறு. விரதமுள்ளவர் வாய் திறந்து சொல்லிவிடலாம்: "அக்கா, எங்கள் வீட்டில் முட்டை சேர்க்க மாட்டோம், முந்திரிக்கொத்தானால் இன்னும் நாலு கொடுங்கள்!" இப்படிச் சொன்னால் அந்த அக்காள் சந்தோஷப்படுவாள். முந்திரிக்கொத்திலும் அதிரசத்திலும் முட்டை இல்லை. இப்போது முட்டையில்லாத கேக்கும் எங்கும் கிடைக்கிறது. சர்க்கரை வியாதிக்காரர், "ஒன்று மட்டும் போதும்" என்று சொல்லுவதில்லையா? யாரும் அதைத் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. சொல்லாமல் வாங்கி, சொல்லாமல் தள்ளிவிடுவதுதான் தப்பு.

எதிர்ப்பக்கத்திலும் இதே போன்ற சங்கடம் உண்டு. விக்கிரகத்துக்குப் படைத்த உணவை உண்ணலாமா என்பது கிறிஸ்தவர்களுக்குள் ஆதிகாலந்தொட்டு இருந்து வரும் கேள்வி. கொரிந்து நகரத்தாருக்குப் பவுல் எழுதிய முதல் நிருபத்திலேயே அதைப் பற்றிய விசாரணை இருக்கிறது. ஆகையால், நிவேதனமான பட்சணத்தைச் சில கிறிஸ்தவக் குடும்பத்தார் உண்பதில்லை. நம் பாட்டிமார்களில் விவேகமுள்ளவர்கள் இதற்கு வெகு காலத்துக்கு முன்பே வழி கண்டுவிட்டார்கள். பூஜைக்கு எடுக்கும் முன்பாகவே, "இது மேரி வீட்டுக்கு" என்று ஒரு பாத்திரத்தில் தனியாக எடுத்து வைத்துவிடுவார்கள். வேதாந்த விசாரம் ஒன்றுமில்லை. பிரியமுள்ள இடத்தில் புத்தி தானாக வேலை செய்கிறது.

உண்ணப் போகிறவரின் வாயை நினைத்துக் கொடுப்பதுதான் கொடுப்பதற்கு லட்சணம். இதற்கு வினோதமான ஓர் இடத்திலிருந்து உதாரணம் காட்டலாம். 1914-ம் வருஷம், முதல் உலக மகாயுத்தம் ஆரம்பமான சில மாதங்களில், பிரிட்டிஷ் அரசரின் குமாரி மேரியின் பெயரால் பணம் திரட்டி, போர்க்களத்திலிருந்த சிப்பாய்களுக்குக் கிறிஸ்துமஸ் பரிசாகப் பித்தளைப் பெட்டிகள் அனுப்பினார்கள். மொத்தத்தில் சுமார் 25 லட்சம் பெட்டிகள் அனுப்பப்பட்டன. வெள்ளைக்காரச் சிப்பாய்களின் பெட்டியில் புகையிலையும் சிகரெட்டும் இருந்தன. அந்தக் குளிரில் பிரான்ஸ் தேசத்துச் சேற்றுப் பள்ளங்களில் நம் இந்தியச் சிப்பாய்களும் கிடந்தார்கள். சீக்கியர் புகையிலையைத் தொடார் என்பதை அறிந்து, அவர்களுக்குக் கற்கண்டும், ஒரு சிறு தகர டப்பாவில் மசாலாச் சாமானும் வைத்தார்கள். மற்ற இந்தியச் சிப்பாய்களில் பெரும்பாலோருக்கும் கற்கண்டும் மசாலா டப்பாவும் கிடைத்தன.

பிறர் ராஜ்யத்துக்காக உயிர் கொடுக்கப் போனவர்களுக்கு ஒரு டப்பா மசாலா ஈடாகுமா? ஆகாது. அந்த யுத்தம் முடிந்த மறு வருஷமே, 1919-ல், ஜாலியன்வாலாபாக்கில் இந்தியர்களுக்கு என்ன பரிசு கிடைத்தது என்பதை நாம் மறக்கவில்லை. ஆயினும், அந்தக் கிறிஸ்துமஸ் பெட்டியை நிரப்பியவர்களில் யாரோ ஒருவர் ஒரு நிமிஷம் யோசித்திருக்கிறார்: "இவர்கள் நம்மைப் போல் உண்பவர்களல்ல, இவர்கள் நாக்குக்கு எது வேண்டும்?" என்று. சாம்ராஜ்யம் நடத்தியவர்களுக்கே அவ்வளவு யோசனை தோன்றியிருக்கும்போது, ஒரே கிணற்றில் நீர் இறைத்து, ஒரே ரேஷன் கடை வரிசையில் நின்ற அண்டை வீட்டாருக்குத் தோன்றாமல் போகுமா?

இனி, பாத்திரம் திரும்பிப் போகும் விஷயம். பட்சணம் வந்த பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பக் கூடாதென்பது நம் வழக்கம். ஒன்றுமில்லாவிட்டால் ஒரு பிடி சர்க்கரையாவது போட்டு அனுப்புவார்கள். கிறிஸ்துமஸ் வருவது மார்கழி மாதத்தில். அதனால் நமக்குச் சர்க்கரையைத் தேட வேண்டிய அவசியமே கிடையாது. அந்த நாட்களை ஒட்டியே திருவாதிரை வருகிறது. களியும் ஏழுகறிக் கூட்டும் இருக்கின்றன. மார்கழி 27-ல் கூடாரவல்லி. நெய் வழியும் அக்காரவடிசில். அடுத்த சில நாட்களில் பொங்கலே வந்துவிடுகிறது. மேரி வீட்டுத் தட்டு இந்த ஒரு மாதத்துக்குள் மூன்று தடவை போய் வரலாம். தட்டு இரண்டு வீட்டுக்கும் நடுவே ஓடிக்கொண்டிருக்கும்வரையில், அது யாருடைய தட்டு என்பதே மறந்துபோய்விடும். அப்படி மறந்துபோவதுதான் நல்லது.

இந்தக் காலத்தில் கடைகளிலிருந்து பளபளவென்ற காகிதம் சுற்றிய கூடைகளும் அட்டைப் பெட்டிகளும் வருகின்றன. அவற்றைக் குறை சொல்லுவதற்கில்லை. அடுப்படியில் நிற்க நேரமில்லாதவர்கள் என்ன செய்வார்கள்? ஆனால் அட்டைப் பெட்டிக்கு ஒரு குறை உண்டு. அது திரும்பிப் போகாது. குப்பைக்குப் போய்விடுகிறது. திரும்பிக் கொடுக்க வேண்டிய எவர்சில்வர் டப்பாவில் வந்தால், கொடுப்பதற்காக ஒரு தடவை போக வேண்டும். போனால் பத்து நிமிஷம் உட்கார வேண்டும். உட்கார்ந்தால் நாலு வார்த்தை பேச வேண்டும். ஆகையால் கடைப் பட்சணத்தையும் வீட்டு டப்பாவில் போட்டு அனுப்பும்படி நேயர்களுக்கு யோசனை சொல்லுகிறேன்.

சமையல் சாமான்களைப் பரிசாகக் கொடுக்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. கல்யாணமான முதல் வருஷத்துக் கிறிஸ்துமஸைத் தலைக் கிறிஸ்துமஸ் என்று கொண்டாடி, பிறந்த வீட்டார் பெண்ணுக்குப் பாத்திரம் பண்டம் கொடுப்பதுண்டு. அத்துடன் அச்சு முறுக்கின் இரும்பு அச்சையும் கொடுத்துவிடுவது மிகவும் நல்லது. பாட்டியின் கையில் வருஷக் கணக்காக எண்ணெயில் பழகிய பழைய அச்சானால் அதைவிட விசேஷம். புது அச்சில் மாவு ஒட்டிக்கொண்டு அழ வைக்கும். மனைவிக்குப் பரிசு என்று சொல்லிக் கொண்டு மாவு அரைக்கும் யந்திரம் வாங்கி வருகிற கணவன்மார்களுக்கு மட்டும் ஒரு நிபந்தனை: முதல் ஈடு மாவை அவர்களே அரைக்க வேண்டும்.

டாலியின் கதி என்னவாயிற்று என்று கேட்பீர்கள். துரைமார் 1947-ல் கப்பலேறினார்கள். டாலி கப்பலேறவில்லை. அது தீபாவளிப் பெட்டியென்றும் கிறிஸ்துமஸ் கூடையென்றும் பெயரை மாற்றிக்கொண்டு, பாதாமும் முந்திரியுமாக இன்றைக்கும் உத்தியோகஸ்தர்களின் வாசலில் வந்து இறங்குகிறது. 1964-ம் வருஷத்து மத்திய சர்க்கார் ஊழியர் நடத்தை விதிகளில் 13-வது விதி இதைப் பற்றியதுதான். தற்செயலாக அளிக்கும் ஒரு வேளைச் சாப்பாட்டை அது பரிசாகக் கருதுவதில்லை. உத்தியோக சம்பந்தம் உள்ளவர்களிடம் ஆடம்பரமான உபசாரத்தை ஏற்பதைத் தவிர்க்கச் சொல்லுகிறது. விதியைப் படிக்க நேரமில்லாத உத்தியோகஸ்தர்களின் மனைவிமாருக்குச் சுலபமான பரீட்சை ஒன்று உண்டு. "நாளைக்கு இவருக்கு உத்தியோகம் போய்விட்டால் இந்தக் கூடை அடுத்த வருஷம் வருமா?" என்று கேட்டுக்கொள்ள வேண்டும். வராது என்று மனம் சொன்னால் அது டாலி, வாசலோடு திருப்பிவிடலாம். வரும் என்று சொன்னால் அது தட்டு, உள்ளே கொண்டுபோகலாம்.

இரண்டையும் நாம் தலைகீழாகச் செய்யாமலிருந்தால் போதும். திருப்ப வேண்டிய கூடையைச் சந்தோஷமாகத் திறந்து தின்றுவிட்டு, தின்ன வேண்டிய தட்டைக் கொல்லைப்புறம் அனுப்பும் வீடுகளும் இருக்கின்றன. அந்த வீடுகளில் ராட்டை படம் மாட்டியிருந்தால் என்ன, காந்தியடிகளின் படம் மாட்டியிருந்தால் என்ன? துரையின் வராந்தா இன்னும் அங்கே இருக்கிறது.

வருகிற கிறிஸ்துமஸுக்கு அடுத்த வீட்டுத் தட்டு வந்தால், கொண்டுவந்த சிறுமியை உடனே அனுப்பிவிட வேண்டாம். உள்ளே கூப்பிட்டு உட்கார வையுங்கள். துணியை எடுத்துவிட்டு, அவள் கண்ணெதிரிலேயே ஒன்றை எடுத்துக் கடியுங்கள். உங்கள் குழந்தைகளுக்கும் ஒவ்வொன்று கொடுங்கள். அவள் வீட்டுக்குப் போனதும் அம்மா கேட்கும் முதல் கேள்வி, "கொடுத்தாயா?" என்பதாக இராது. "சாப்பிட்டார்களா?" என்பதாகத்தான் இருக்கும்.